உருத்திரபுரத்து வாடையும் சைக்கிள்காரர்களும்

அல்லாஹுத் தஆலா தன் திருமறையில் காற்றைப் பற்றிப் பல இடங்களில் பேசுகின்றான். மழைக்கு முன்னர் நற்செய்தி கொண்டு வரும் காற்று ஒன்று. ஆது கூட்டத்தாரை ஏழு இரவும் எட்டுப் பகலும் அடித்து வீழ்த்திய காற்று இன்னொன்று. காற்று வீசும்போது அதை ஏசக் கூடாது, அதிலுள்ள நன்மையைக் கேட்டு அதன் தீமையிலிருந்து பாதுகாவல் தேட வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த ஒழுக்கம். இந்தப் பாடத்தை மத்ரஸாப் பிள்ளைகளுக்கு நான் எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். மின்விசிறிக்குக் கீழே நின்று நடத்துவது வேறு. தை மாதத்து வன்னி வயல்வெளியில் சைக்கிள் மிதித்துக்கொண்டு அதே பாடத்தை நினைத்துப் பார்ப்பது வேறு.

கிளிநொச்சி நகரில் கண்டி வீதியை விட்டு வடமேற்குப் பக்கமாக ஐந்தாறு கிலோமீற்றர் உள்ளே போனால் உருத்திரபுரம். பழைமையான சிவன் கோவில் ஒன்று அங்கே உண்டு. ஆனால் இன்று நாம் காணும் ஊர், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவான குடியேற்றம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் காணியில்லாதிருந்த குடும்பங்களுக்கு வயலும் மேட்டுக் காணியுமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வருவதால் வாய்க்காலின் இலக்கமே இடத்தின் பெயராகிவிட்டது. எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்றுதான் பஸ்ஸிலும் இறக்கம் கேட்கிறார்கள்.

அங்குள்ள ஒரு பாடசாலையில் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் என் நெடுநாளைய நண்பர். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் ஒரே விடுதியில் இருந்தவர்கள் நாங்கள். சென்ற மாரியின் கடைசியில் வியாழன் முதல் சனி வரை மூன்று நாட்கள் அவர் வீட்டில் தங்கினேன். நெல் கதிர் முற்றி வளைந்து நின்ற நேரம். மழை அநேகமாக ஓய்ந்துவிட்டது. காற்று மட்டும் ஓயவில்லை.

அந்த ஊரின் கிடையைச் சற்றுச் சொன்னால்தான் காற்றின் கதை விளங்கும். வடகிழக்கே பரந்தன் வெளி, அதற்கப்பால் ஆனையிறவுக் கடல்நீரேரி. இடையில் காற்றை மறிக்க ஒரு குன்று கிடையாது, காடும் கிடையாது. வயல்தான். ஆகவே பரந்தன் பக்கம் சைக்கிளில் போகிறவருக்கு வாடைக் காற்று நேரே முகத்தில் அறைகிறது. கிளிநொச்சி நகரத்துக்குப் போகிறவருக்கு இடது தோளில். அங்கிருந்து திரும்பி வருகிறவருக்கு வலது தோளில். பரந்தனிலிருந்து வீடு திரும்புகிறவர் மட்டும் பாக்கியசாலி, காற்றே தள்ளிக்கொண்டு வந்து விடும். "பரந்தனுக்குக் கலியாணம் பேசப் போறதெண்டா விடிய வெள்ளன வெளிக்கிட வேணும், வரேக்க பத்து நிமிசம் போதும்" என்று ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார்.

தேத்தண்ணிக் கடையில் கேட்டவை

மாலையில் நண்பர் என்னை எட்டாம் வாய்க்கால் பக்கமுள்ள ஒரு தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப் போனார். கடையின் முன் பத்துப் பன்னிரண்டு சைக்கிள்கள் காற்றில் விழாமலிருக்க ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தப்பட்டிருந்தன. இஞ்சி போட்ட வெறும் தேத்தண்ணி. உள்ளே எல்லோருடைய பேச்சும் அன்றைய காற்றைப் பற்றியதுதான். யார் எங்கே விழுந்தது, யாருக்கு எந்தச் சந்தியில் குடை பறந்தது, யார் இறங்கி உருட்டியது என்று ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருந்தது. என்னை மௌலவி என்று அறிமுகப்படுத்தியதும் ஒரு கணம் பேச்சு நின்றது. பிறகு இடம் விட்டு இருத்திவிட்டுக் கதையைத் தொடர்ந்தார்கள்.

பால்காரர் ஒருவர். ஐம்பது வயதிருக்கும். வீடு வீடாகப் பால் சேர்த்து விடியற்காலையில் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகிறவர். அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் புதிது. பால் நிறைந்த கானோடு போகும்போது காற்று பெரிய தொல்லையில்லையாம், பாரம் சைக்கிளை நிலத்தோடு பிடித்து வைக்கிறது. வெறுங்கானோடு திரும்பும்போதுதான் சைக்கிள் கடுதாசி போல ஆடுகிறது. அதனால் திரும்பி வரும்போது கானில் பாதிக்கு வாய்க்கால் தண்ணீர் நிரப்பிக்கொள்கிறார். "பாலுக்குத் தண்ணி கலக்கிறன் எண்டு ஆக்கள் நினைக்கப் போகினம்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

சிரித்தவர் பிறகு 2022ஆம் ஆண்டு டிசம்பரைப் பற்றிச் சொன்னபோது முகம் மாறிவிட்டது. மாண்டஸ் புயல் வங்கக் கடலில் போன அந்த நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் அடித்த குளிர்காற்றில் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் விறைத்துச் செத்தன. நம் நாட்டில் குளிருக்கு மாடு சாகும் என்று யாரும் அதுவரை நினைத்ததில்லை. பனி பெய்யும் நாடுகளில் இருப்பவர்கள் நம்முடைய இருபது பாகைக் குளிரைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் நனைந்த உடம்பில் காற்று அடிக்கும்போது அந்த ஈரம் உலர உலர உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. இரவு முழுக்க மழையில் திறந்த வெளியில் நின்ற மாட்டுக்கு அதுதான் நடந்தது. இவருக்கு மூன்று பசுக்கள் போயின. மறுநாள் காலையிலும் மற்ற வீடுகளின் பாலை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போயிருக்கிறார், போகாவிட்டால் அந்த வீடுகளின் பாலும் வீணாகிவிடும் என்று. யூரியாப் பையை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, கைவிரல் பிரேக்கைப் பிடிக்காத குளிரில்.

ஹிஜ்ரி ஐந்தாம் ஆண்டில் அகழ்ப் போரின் இறுதி இரவில் அடித்த குளிர்காற்றை நான் அவர்களுக்குச் சொன்னேன். எதிரிகளின் சட்டிகள் கவிழ்ந்து கூடாரங்கள் பிடுங்கப்பட்ட இரவு அது. செய்தி அறிந்து வர ஹுதைஃபா (ரழி) அவர்களை நபியவர்கள் அனுப்பியபோது, வெந்நீர்க் குளியலறைக்குள் நடப்பது போல அவர் குளிர் தெரியாமல் போய் வந்தார். வேலை முடிந்து திரும்பிய பிறகுதான் குளிர் அவரைப் பிடித்தது. நபியவர்கள் தாம் போர்த்தித் தொழுத போர்வையின் மிகுதியை அவர் மேல் போர்த்திவிட்டார்கள். பால்காரர் கவனமாகக் கேட்டார். "சரிதான் மௌலவி, போகேக்க குளிராது. பால் குடுத்திட்டு நிண்டாத்தான் பல்லுக் கிட்டும்" என்றார்.

வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்கு நம்மிடம் நான்கு பெயர் உண்டு. எந்தக் காற்று சைக்கிளுக்குப் பொல்லாதது என்று கடைக்குள் ஒரு வழக்கு எழுந்தது. ஆடி மாதத்துக் கச்சான் வேகத்தில் வாடையை விட மேல் என்பதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனாலும் கச்சான் காய்ந்த காற்று, வாடை ஈரக் காற்று. கச்சானில் கண்ணுக்குள் புழுதிதான் விழும். வாடையில் கிறவல் வீதி களியாகி மட்காட்டுக்குள் புகுந்துவிடும், சில்லு சுற்றாது. மாரிக்காலத்தில் அங்கே ஒவ்வொரு சைக்கிளின் கரியரிலும் ஒரு சிறு தடி செருகியிருப்பதைக் காணலாம். களியைத் தோண்டி எடுக்கத்தான். நனைந்த விளிம்பில் பிரேக் கட்டை பிடிக்காது என்பது இன்னொரு ஆபத்து. தீர்ப்பு வாடைக்கு எதிராகவே அமைந்தது.

இதே காற்றைப் பளைப் பக்கத்தில் காற்றாலைகள் மின்சாரமாக்கிக்கொண்டிருக்கின்றன. கண்டி வீதியில் போகும்போது அவை சுழல்வதைப் பார்க்கலாம். சைக்கிள்காரருக்கு அதில் பங்கு இல்லை.

எல்லோரிலும் மூத்தவர் ஒருவர் மூலையில் பேசாமல் இருந்தார். 1990களில் மோட்டார் வாகனங்களுக்குப் பெற்றோல் வராத காலத்தில் இந்த வன்னியே சைக்கிளில்தான் ஓடியது. அரிசி மூட்டை, விறகு, நோயாளி, பிரேதம்கூட. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் வானொலி கேட்ட காலம் அது. 1996இல் இராணுவம் கிளிநொச்சியைப் பிடித்தபோது இந்த ஊர்ச் சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கம் போனதும் சைக்கிளில்தான். ஆனால் அவர் சொன்னது 2008 நவம்பரைப் பற்றி. போர் நெருங்கி வர மக்கள் கிழக்கே தருமபுரம் பக்கம் நகர்ந்துகொண்டிருந்த அதே நாட்களில் நிஷா புயல் வந்தது. இவர் தம் வீட்டுக் கூரைத் தகரம் எட்டைக் கழற்றிச் சைக்கிளில் நீளவாட்டில் கட்டிக்கொண்டு போனார். போகிற இடத்தில் கூரை வேண்டுமே. தகரம் காற்றைப் பிடித்தால் அது பாய். இரண்டு தடவை சைக்கிளும் ஆளும் வாய்க்காலுக்குள் விழுந்தார்கள். மூன்றாவது தடவை முன்பின் தெரியாத இரண்டு பொடியன்கள் தங்கள் சைக்கிள்களைக் காற்றுப் பக்கமாக விட்டு அவரோடு கூட நடந்தார்கள். "காத்து மறிச்சுக்கொண்டு வந்தாங்கள். ஆரெண்டும் தெரியாது. இருக்கிறாங்களோ எண்டும் தெரியாது" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

காற்று மறிப்பது

'காத்து மறிக்கிறது' என்ற பேச்சை அந்த மூன்று நாளும் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். முன்னால் ஒருவர் போனால் பின்னால் வருகிறவருக்கு மிதிப்பு இலகுவாகும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நான்கு மடங்காகிறது. ஆகவே எதிர்க்காற்றில் முன்னே போகிறவர் சுமப்பது சாதாரணச் சுமையல்ல. பெல்ஜியம், ஒல்லாந்து நாட்டுப் பந்தயக்காரர்கள் குறுக்குக் காற்று அடித்தால் ஒருவர் பின் ஒருவராகப் போகாமல் ஒருவருக்குச் சற்றுப் பக்கவாட்டில் மற்றவராகச் சாய்வு வரிசை பிடிப்பார்கள். உருத்திரபுரத்தில் பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளும் அதைத்தான் செய்கிறார்கள், யாரும் சொல்லிக் கொடுக்காமலே. பெரிய பிள்ளை காற்றுப் பக்கம், சின்னப் பிள்ளை மறைவில்.

ஒல்லாந்தில் எதிர்க்காற்றுச் சைக்கிள் போட்டி என்றே ஒன்று 2013இல் தொடங்கினார்கள். ஸீலாந்து மாகாணத்தில் கடலைத் தடுக்கும் பெரிய அணையின் மேல் எட்டரைக் கிலோமீற்றர். கியர் இல்லாத சாதாரணச் சைக்கிள்தான் அனுமதி. காற்றுப் போதிய அளவு கடுமையாக அடிக்கும் என்று வானிலைச் செய்தி வந்தால்தான் நாள் குறிப்பார்கள். இதை நான் கடையில் சொன்னபோது, இதற்கும் பரிசு கொடுக்கிறார்களா என்று ஒருவர் கேட்டார். கொடுக்கிறார்கள் என்றேன். எங்கள் ஊர்த் தபால்காரரை அனுப்பியிருக்கலாம் என்றார் அவர்.

நண்பரின் மகள் உயர்தரம் படிக்கிறாள். 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது நண்பர் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டுப் பழைய லுமாலாவைத் துடைத்தெடுத்தார். பெற்றோல் வந்த பிறகும் மகள் அதை விடவில்லை. பின்னேர வகுப்புக்கு நகரத்துக்குப் போய் வருவது அதில்தான். இரவு சாப்பாட்டின்போது அந்தப் பிள்ளை தன் கதையைச் சொன்னாள்.

"மௌலவி மாமா, போகேக்க பயமில்லை. வரேக்கதான் பயம்" என்றாள். ஏன் என்று கேட்டேன். வீடு திரும்பும்போது காற்று வலப் பக்கத்தில். விழாமலிருக்க நாம் நம்மை அறியாமலே வலப் பக்கம் சாய்ந்து ஓடுகிறோம். பின்னாலிருந்து மணல் ரிப்பர் ஒன்று வலப் பக்கமாக முந்தும். அந்த நொடியில் ரிப்பரின் உடம்பு காற்றை அடைத்துவிடும். சாய்ந்து முட்டுக் கொடுத்த காற்று திடீரென்று இல்லை. சைக்கிள் ரிப்பரின் பக்கமாகவே விழப் பார்க்கும். சென்ற மாரியில் இரண்டு முறை அப்படி ஆகி மயிரிழையில் தப்பியிருக்கிறாள். இப்போது ரிப்பரின் சத்தம் கேட்டால் இறங்கி நின்றுவிடுகிறாளாம்.

தாயார் முகம் வெளிறிப் போனார். வீட்டில் அன்றுதான் அந்தக் கதை தெரிய வந்திருக்கிறது. இதை வாசிக்கும் லொறி, ரிப்பர் சாரதிகள் யாராவது இருந்தால், காற்று நாளில் சைக்கிளில் போகும் பிள்ளையை நெருங்கி முந்தாதீர்கள். உங்கள் ஹோர்ன் சத்தம் அங்கே உதவாது, அந்தப் பிள்ளைக்கு வேண்டியது இடைவெளி.

வெள்ளிக்கிழமை

மறுநாள் வெள்ளிக்கிழமை. பயணத்தில் இருப்பவன் மீது ஜும்ஆ கடமையில்லை என்பது நமக்குத் தெரிந்த சட்டம். நண்பரிடம் அதைச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "கிளிநொச்சியில பள்ளி இருக்கு, சைக்கிளும் இருக்கு. பிறகென்ன?" என்று சொல்லி, எனக்கொரு சைக்கிளை அயலில் இரவல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

காற்றுக் காலத்தில் ஜமாஅத்துக்குச் சலுகை உண்டா என்ற கேள்வி நம் வாசகர்களுக்கும் எழும். ஒரு குளிர் இரவில் ளஜ்னான் என்ற இடத்தில் இப்னு உமர் (ரழி) அவர்கள் பாங்கு சொல்லிவிட்டு, அவரவர் தங்குமிடத்திலேயே தொழுதுகொள்ளும்படி அறிவித்தார்கள். குளிரோ மழையோ உள்ள இரவுகளில் பயணத்தின்போது நபியவர்கள் அப்படி அறிவிக்கச் செய்வார்கள் என்றும் சொன்னார்கள். நம் ஷாஃபிஈ மத்ஹபு நூல்களில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். மழை, சேறு, கடுங்குளிர் ஆகியவை இரவானாலும் பகலானாலும் காரணமாகும். கடுங்காற்று மட்டும் இரவுக்குரிய காரணம், பகலுக்கு அல்ல. அரபுக் கல்லூரியில் இதைப் படித்த காலத்தில் காற்றுக்கு மட்டும் ஏன் இந்தப் பாகுபாடு என்று எங்களில் பலருக்கு விளங்கவில்லை. இதை முதல் நாள் தேத்தண்ணிக் கடையில் நான் சொன்னபோது பால்காரர் உடனே தலையாட்டினார். "பகல்ல காத்தெண்டா கொப்பு முறியிறது கண்ணுக்குத் தெரியும். இரவில தலையில விழுந்தாத்தான் தெரியும்." நான் படித்த எந்த விரிவுரையும் இத்தனை சுருக்கமாக இருந்ததில்லை.

பகல் பதினொன்றரைக்குப் புறப்பட்டோம். சாரமும் நீண்ட ஜுப்பாவும் அணிந்திருந்தேன். வாய்க்கால் கட்டைத் தாண்டி வெளிக்கு வந்ததும் ஜுப்பாவுக்குள் காற்றுப் புகுந்து ஊதிவிட்டது. வயலில் நின்ற ஒருவர் கையைத் தட்டி, "மௌலவி, பாய் விரிச்சுப் போறியள்!" என்று கூவினார். இறங்கி ஜுப்பாவை இடுப்போடு சேர்த்துத் துவாயால் கட்டிக்கொண்டேன். நண்பர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் தம் சைக்கிளை என் இடப் பக்கத்துக்கு, காற்றின் பக்கத்துக்கு, கொண்டு வந்து அரைச் சில்லு முன்னே விட்டு ஓட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், கதவைச் சாத்தியது போலிருந்தது. நகரம் வரும் வரை அவர் இடம் மாறவில்லை. அவருக்கு வயது என்னை விட நான்கு கூட. நான் தொழுது முடித்து வரும் வரை எதிரே ஒரு கடையில் இருந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார்.

ஒரு பழைய கணக்கு

அன்று மாலை நண்பரின் வீட்டுக்கு அயலில் உள்ள ஒரு தாயார் வந்தார். எழுபது வயதுக்கு மேல். முஸ்லிம் மௌலவி ஒருவர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு என்னைத் தேடியே வந்திருக்கிறார். முற்றத்தில் கதிரை போட்டு இருத்தினோம். காற்றில் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "தம்பி எவ்விடம்?" என்று கேட்டார். பிறந்தது எருக்கலம்பிட்டி, இப்போது புத்தளம் என்றேன். சற்று நேரம் என்னைப் பார்த்தார். "அந்த நேரம் தம்பி சின்னப் பிள்ளையாக்கும்" என்றார். பத்து வயது என்றேன்.

வாசகர்களுக்கு விளக்கம் தேவையிராது. 1990 அக்டோபர் இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம்களை, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். எங்களைப் போன்ற மன்னார்த் தீவினர் படகில் கற்பிட்டிக்குப் போனோம். கிளிநொச்சியிலிருந்தவர்கள் தரைவழியே வவுனியாவுக்குப் போனார்கள்.

அந்தத் தாயாரின் கதை அதற்கு முன்னர் தொடங்குகிறது. கிளிநொச்சியிலிருந்து சைக்கிளில் பிடவை விற்க ஒரு நானா வருவாராம். பல வருடங்களாக. எண்பதுகளில் ஒரு மார்கழியில் இவருடைய இரண்டாவது பிள்ளைக்குக் கடும் காய்ச்சல். கணவர் சைக்கிளை மிதிக்க, இவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கரியரில் இருந்து நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார். மழைத் தூறல், இடப் பக்கத்தில் வாடை. பிள்ளை நடுங்குகிறது. எதிரே பிடவைக் கட்டோடு வந்துகொண்டிருந்த நானா இவர்களைக் கண்டதும் சைக்கிளைத் திருப்பினார். அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு இவர்களுடைய இடப் பக்கத்தில் கூடவே ஓட்டினார். கரியரில் ஆள் உயரத்துக்குப் பிடவைக் கட்டு. "மதில் மாதிரி, தம்பி. ஆசுப்பத்திரி வாசல் மட்டும் ஒரு துளி காத்துப் பிள்ளையில படேல்லை" என்றார். அந்தப் பிள்ளை இன்று பேரப் பிள்ளைகள் கண்டுவிட்டதாம்.

இவர் வந்தது நன்றி சொல்ல அல்ல. 1990இல் தீபாவளி அக்டோபர் நடுப்பகுதியில். போர் மறுபடி தொடங்கித் தட்டுப்பாடாயிருந்த நேரம். தீபாவளிக்கு முதல் கிழமை நானா வந்து பிள்ளைகளுக்கு உடுப்புத் துணி கொடுத்திருக்கிறார். 340 ரூபா. வழக்கம் போல அறுவடை முடிந்து தருவதாகப் பேச்சு. அறுவடைக்கு முன் நானா இல்லை. அவர் மட்டுமல்ல, அவருடைய சனம் எவரும் இல்லை. "நெல்லு வித்த காசை எடுத்து வைச்சிருந்தனான் தம்பி. ஆரிட்டக் குடுக்கிறது?"

அதன் பிறகு எத்தனை இடம்பெயர்வு. வீடு போனது, நிலம் போய் வந்தது, கணவர் போய்ச் சேர்ந்தார். ஆனால் அந்தக் கணக்கு அவர் மனதிலிருந்து போகவில்லை. பள்ளிவாசல் உண்டியலில் போட்டுவிடச் சொல்லி மகன் சொல்லியிருக்கிறார். தாயார் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "உண்டியல்ல போட்டா அது நானாவுக்குப் போகுமே?"

இருபது வருடத்துக்கு மேல் ஃபிக்ஹு படிப்பிக்கும் நான் பதில் சொல்லச் சற்று நேரம் எடுத்தேன். உண்டியல் கடைசி வழி, முதல் வழியல்ல என்று சொன்னேன். கடன் தந்தவரைத் தேட வேண்டும். அவர் மௌத்தாகியிருந்தால் வாரிசுகளைத் தேட வேண்டும். எல்லா வழியும் அடைபட்ட பின்தான் அவர் பெயரால் தர்மம், அதன் பிறகு அவரோ வாரிசோ வந்து நின்றால் அப்போதும் கொடுக்க வேண்டியது கடமை. அன்றைய 340 ரூபாவுக்கு இன்று என்ன பெறுமதி என்றும் கேட்டார். சட்டப்படி கடன் அந்தத் தொகைதான், கூட்டித் தரும்படி நிபந்தனை போட யாருக்கும் உரிமையில்லை. ஆனால் கொடுப்பவர் தாமாக விரும்பிக் கூட்டிக் கொடுத்தால் அது அழகிய முறை, நபியவர்களே தாம் வாங்கிய ஒட்டகத்தை விடச் சிறந்ததைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்றேன். தாயாருக்குத் திருப்தி. "அப்ப தம்பி தேடும். காசு என்னட்ட இருக்கு" என்று எழுந்து போய்விட்டார்.

இரண்டு சமூகத்துக்குமிடையே கொடுக்கல் வாங்கலாகப் பேச வேண்டியவை பெரிய அளவில் இருக்கின்றன. வீடு, காணி, கடை என்று மீளக் குடியேறியவர்கள் இன்னும் அலுவலகங்களுக்கு நடக்கிறார்கள். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. இது 340 ரூபாவின் விஷயம்.

புத்தளம் திரும்பியதும் கிளிநொச்சியிலிருந்து வந்து குடியேறிய சில பெரியவர்களிடம் விசாரித்தேன். சைக்கிளில் பிடவை விற்றவர்கள் ஒருவரல்ல, பலர் என்கிறார்கள். நீர்கொழும்புக்குப் போய்விட்டவர் ஒருவர், மௌத்தானவர்கள் இருவர், நாச்சிக்குடாவுக்குத் திரும்பிப் போனவர் ஒருவர். இவர்களில் யார் என்று உறுதியாகவில்லை. பெயரைக் கேட்டால் தாயாருக்குத் தெரிந்ததெல்லாம் 'நானா' தான், ஊரே அப்படித்தான் அவரைக் கூப்பிட்டதாம்.

ஆகவே இதை வாசிக்கும் சகோதர சகோதரிகளே, உங்கள் வாப்பாவோ, மூத்தவாப்பாவோ, மாமாவோ 1990க்கு முன்னர் உருத்திரபுரம் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால், குஞ்சுப்பரந்தன் பக்கம் சைக்கிளில் பிடவை கொண்டுபோனவரா என்று வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். தாயார் சொன்ன அடையாளங்கள் இவை. பச்சை ராலி சைக்கிள், முன் மட்காட் மட்டும் வெள்ளை. கட்டைச் சுற்றிக் கறுப்பு ரெக்சின், அதற்கு மேல் சணல் கயிறு. அளக்க இரும்புக் கோல், அதில் ஒரு முனை சற்று வளைந்தது. புதன்கிழமைகளில் எட்டாம் வாய்க்காலுக்கு வருவார், வெள்ளிக்கிழமை எங்கும் வரமாட்டார். பேசும்போது இடது கண்ணைச் சற்று இடுக்குவார். தகவல் தெரிந்தவர்கள் இந்தச் சஞ்சிகையின் ஆசிரியர் முகவரிக்கு எழுதினால் கடிதம் எனக்கு வந்து சேரும்.